பேக்கா... செல்லா? கேட்டுட்டு காசைக் கட்டு!

டெக் டீக்கடை

இந்த வாரம் நம்ம டீக்கடை பெஞ்சுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு. எழுதினவர், காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் பக்கத்துல பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி. 'பேர் போடாதீங்க' என்று கேட்டிருப்பதால் போடவில்லை. விஷயம் மட்டும் இதோ:

"அண்ணா, எங்க அப்பா பட்டுத்தறி நெய்யறார். போன வாரம் காலேஜ் வாசல்ல ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க. 'மூன்றே மாதத்தில் பேட்டரி இன்ஜினீயர் ஆகலாம்'னு போட்டிருக்கு. ஃபீஸ் முப்பதாயிரம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிங்க எல்லாம் இனிமே எலெக்ட்ரிக் வண்டிதானாம். அப்பா, சேலைக் கூலியில முன்பணம் வாங்கித் தர்றேன்ங்கறார். இன்ஜினீயரிங் பசங்களுக்கு நடுவுல பி.எஸ்ஸி. படிச்சவனுக்கு அங்க இடம் இருக்கா? பணம் கட்டலாமா, வேணாமா?"

நியாயமான கேள்வி. முன்பணம் வாங்கினால் அதைக் கழிக்க எத்தனை சேலை நெய்யணும், எத்தனை மாசம் ஆகும் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அதனால் வழவழா கொழகொழா வேண்டாம். தம்பி, அந்த நோட்டீஸ்காரரிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி கேள். "நீங்க சொல்லித் தர்றது பேக்கா, செல்லா?" அவர் முழித்தால், எழுந்து வந்துடு!

பேக் வேற... செல் வேற!

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் ஒரு கனமான பெட்டி இருக்கே, அதுதான் பேக். பெட்டியைத் திறந்தால் உள்ளே வரிசை வரிசையாக சின்னச் சின்ன குப்பிகள் மாதிரி அடுக்கியிருக்கும். அதில் ஒவ்வொன்றும் ஒரு செல்.

செல்களை வாங்கி, ஒரே மாதிரி இருப்பதைப் பொறுக்கி, வெல்டிங் வைத்து, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக்ஸ் பலகையைப் பொருத்தி, பெட்டிக்குள் மூடுவது பேக் வேலை. இதில் எலெக்ட்ரிக்கல் இருக்கு, மெக்கானிக்கல் இருக்கு. கெமிஸ்ட்ரி ரொம்பக் கம்மி.

ஆனால் அந்த செல்லைச் செய்வது? அது கறுப்புப் பொடியில் ஆரம்பிக்கிற சமாசாரம். எந்தப் பொடி, எவ்வளவு நுணுக்கு, எதில் கரைப்பது, எத்தனை மைக்ரான் பூசுவது, எவ்வளவு நேரம் உலர்த்துவது... சாட்சாத் உன் சப்ஜெக்ட், தம்பி!

பேக் வேலை மட்டமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பற்ற வைப்பு கோணலானால் வண்டியே எரியும். பொறுப்பான தொழில்தான். உங்க பக்கத்து பெல்ட்டில் அதற்கு வேலையும் வருகிறது. 2025-ல் வந்த ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக் காருக்கு பேட்டரி பேக்குகளைச் சென்னைப் பக்கமே கோக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் ஓடும் மின்வண்டிகளின் லித்தியம் செல்கள் பெரும்பாலும் இன்னமும் கப்பல் ஏறித்தான் வருகின்றன. அதில் சீனாவின் பங்கு பெரிசு.

அதனால் என்ன என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு நோக்கியா கதை மறக்காது. 2006-ல் உற்பத்தி தொடங்கியது. கம்பெனி பஸ் வந்து ஊர் ஊராகப் பெண்களையும் பசங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு கட்டத்தில் எட்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். வரி வழக்கு, கம்பெனி கைமாறியது என்று என்னென்னவோ நடந்து, 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை நின்றது. ஆர்டர் இருக்கிறவரை அசெம்ப்ளி. ஆர்டர் போனால் லைனும் போச்சு! பல வருஷம் போனைக் கோத்த கைகளுக்கு, போனுக்குள் இருந்த பொருளைச் செய்யும் வித்தை மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை. பேட்டரியிலும் அதே படத்தை ரீ-ரிலீஸ் பண்ணணுமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

ஜரிகையும் பேட்டரியும் பங்காளிங்க!

'செல் கெமிஸ்ட்ரியெல்லாம் ஃபாரின் சரக்கு, நமக்குச் சம்பந்தமில்லை' என்று நினைத்தால் உங்கப்பா நெய்யற சேலை பார்டரைப் பாரு.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் ஏற்றியது. இதற்கென்றே காஞ்சிபுரத்தில் 1971 முதல் அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருக்கிறது. முலாம் எப்படி ஏறுகிறது? தங்கம் கரைந்த திரவத்துக்குள் வெள்ளி இழையை ஓடவிட்டு கரன்ட் கொடுப்பார்கள். கரைசலில் இருக்கும் தங்கம் ஒவ்வொரு அணுவாக வந்து வெள்ளியில் உட்காரும். கரன்ட்டைக் கொடுத்து கெமிஸ்ட்ரியை நடத்துவது ஜரிகை. கெமிஸ்ட்ரியை நடத்தி கரன்ட்டை எடுப்பது பேட்டரி. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் பேர் மின்வேதியியல்.

இது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. இத்தாலியில் வோல்ட்டா 1800-ல் முதல் பேட்டரியைச் செய்தபோது அவர் அடுக்கியது வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை. ஐந்தே வருஷத்தில், 1805-ல், அவருடைய நண்பர் புருன்யாதெல்லி அந்த பேட்டரியை வைத்து என்ன பண்ணினார் தெரியுமா? வெள்ளிப் பதக்கத்துக்குத் தங்க முலாம் பூசினார்! ஆக, பேட்டரி பிறந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஜரிகை வேலைதான்.

நாடா இங்கேயும் அங்கேயும்...

லித்தியம் செல்லுக்குள் என்ன நடக்குது? தறியை நினைச்சுக்கோ. நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓடும் இல்லையா? செல்லுக்குள் லித்தியம் அயனிகள் அப்படித்தான் ஓடுகின்றன. சார்ஜ் ஏற்றும்போது கேத்தோடிலிருந்து கிளம்பி, கிராஃபைட்டால் ஆன ஆனோடின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். வண்டி ஓடும்போது திரும்பி வரும். அயனி உள்ளே ஓடுகிற அதே நேரத்தில் எலெக்ட்ரான் வெளியே ஒயர் வழியாகச் சுற்றிப் போகும். அந்தச் சுற்றில்தான் மோட்டார் ஓடுது, போன் சிணுங்குது.

இதை உருவாக்க மூன்று பேர் மூன்று ஊரில் உழைத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் வழி காட்டினார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்ஸைடு கேத்தோடைக் கண்டுபிடித்தார். 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ பாதுகாப்பான கார்பன் ஆனோடைச் சேர்த்து முழு செல்லாக்கினார். 2019-ல் மூவருக்கும் நோபல். அப்போது குடினஃபுக்கு வயசு 97! 'எனக்கு வயசாயிடுச்சு' என்று 25-ல் புலம்புகிறவர்கள் கவனிக்க.

1991-ல் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது சோனி. அவர்களுக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? ஆடியோ கேசட்! நீளமான பிலிமில் பொடியைக் கரைத்து சீராகப் பூசும் வேலையில் சோனிக்கு ஏற்கெனவே பழுத்த அனுபவம் இருந்தது. கேசட்டில் பூசின கை, பேட்டரி தகட்டில் பூசியது. பழைய தொழிலின் கைப்பக்குவம் புதுத் தொழிலில் காசாகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

பொடி முதல் பவர் வரை

செல் ஃபேக்டரிக்குள் ஒரு ரவுண்டு போய் வரலாமா?

முதலில் மாவு கரைக்கிற வேலை. கேத்தோடு பொடி, கொஞ்சம் கார்பன், ஒட்டிக்கொள்ள ஒரு பசை, கரைக்க ஒரு திரவம். நெசவுத் தெருவில் பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரிதான் இந்தப் பசையும். கம்மியானால் உதிரும், ஜாஸ்தியானால் விறைக்கும்.

அடுத்து பூச்சு. கேத்தோடு மாவு அலுமினியத் தகட்டில், ஆனோடு மாவு செம்புத் தகட்டில். செம்புத் தகட்டின் கனம் சுமார் 10 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. அதில் கிழியாமல், மேடு பள்ளம் இல்லாமல் கிலோமீட்டர் கணக்கில் பூசி, உலர்த்தி, உருளைக்குள் விட்டு அழுத்தி, அகலத்துக்கு வெட்ட வேண்டும்.

பிறகு சுருட்டுதல். இரண்டு தகட்டுக்கும் நடுவில் செப்பரேட்டர் என்ற மெல்லிய துளை பிலிமை வைத்து, தார் சுற்றுகிற மாதிரி இறுக்கமாகச் சுற்றி டப்பாவுக்குள் இறக்குவார்கள். எலெக்ட்ரோலைட் திரவத்தை ஊற்றி மூடுவார்கள்.

இதில் இரண்டு வில்லன்கள். ஒருத்தன் ஈரம். ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவு தொய்ந்து வேலை நிற்பது உங்க வீட்டில் வருஷா வருஷம் நடக்கிறது இல்லையா? செல்லுக்குள் ஈரம் இன்னும் மோசம். எலெக்ட்ரோலைட்டில் இருக்கும் ஃபுளோரின் உப்பு, தண்ணீரைக் கண்டால் கண்ணாடியையே அரிக்கிற ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கக்கும். அதனால் அந்த அறையின் காற்றை, மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் பனித்துளி கட்டும் என்கிற அளவுக்கு வறட்டி வைப்பார்கள். வெளியே மாசி வெயிலோ மார்கழிப் பனியோ, உள்ளே பாலைவனம்!

இன்னொருத்தன் தூசி. கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகத் துகள் உள்ளே மாட்டினால், என்றைக்காவது ஷார்ட் சர்க்யூட். நோக்கியாவின் பி.எல்.-5சி பேட்டரி ஞாபகம் இருக்கா? ஜப்பானின் மட்ஸுஷிட்டா தயாரித்த சுமார் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சூடாகலாம் என்று 2007 ஆகஸ்ட்டில் நோக்கியா எச்சரித்தது. 'என் போன் பேட்டரி நம்பர் லிஸ்ட்ல இருக்கா' என்று ஊரே மூடியைக் கழற்றிப் பார்த்தது. புகார் வந்தது நூறு பேட்டரிகளுக்குத்தான். ஆனால் எந்த நூறு என்று யாருக்குத் தெரியும்? கோடியில் ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்கிற தொழில் இது.

கடைசியாக, செல்லுக்கு முதல் சார்ஜ். புது தோசைக்கல்லைப் பழக்குகிற கதை. எடுத்தவுடனே பெருந்தீயில் வைத்தால் கல்லும் கெடும், தோசையும் கெடும். மெதுவாக, மணிக்கணக்கில் சார்ஜ் ஏற்றும்போது ஆனோடு மேல் மெல்லிய படலம் ஒன்று படியும். அது சரியாகப் படிந்தால் செல்லுக்கு ஆயுசு கெட்டி. படியாவிட்டால் ஆறு மாசத்தில் 'சார்ஜே நிக்க மாட்டேங்குது'. பிறகு நாள்கணக்கில் ஊறவைத்து, சோதித்து, தரம் பிரித்து அனுப்புவார்கள்.

இப்போ சொல்லுங்க. இந்தப் படிகளில் வேதியியல் படித்தவருக்கு வேலை இல்லாத படி எது?

அமராபுரம் டு ஸ்டாக்ஹோம்

பி.எஸ்ஸி. படிச்சவனுக்கு இடமிருக்கா என்று கேட்டாய் அல்லவா? ஆருமுகம் மந்திரம் என்ற பேரை நோட்டில் எழுதி வை.

தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற கிராமத்தில் 1951-ல் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. மதுரையிலேயே சில வருஷம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1985-ல் குடினஃபின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அடுத்து அவரோடு அமெரிக்காவின் ஆஸ்டினுக்கு.

அங்கே அவர் கேட்ட கேள்வி நம்ம வீட்டுக் கேள்வி. கோபால்ட் விலை ஜாஸ்தி, இரும்பு சல்லிசு. இரும்பில் கேத்தோடு செய்தால் என்ன? சிக்கல் என்னவென்றால், இரும்பு ஆக்ஸைடில் வோல்ட்டேஜ் குறைவாகத்தான் கிடைக்கும். ஆக்ஸைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற கூட்டமைப்பில் இரும்பை உட்கார வைத்தால் வோல்ட்டேஜ் 3.6 வரை எகிறுகிறது என்று 1980-களின் கடைசியில் மந்திரமும் குடினஃபும் காட்டினார்கள். அதே பாதையில் 1997-ல் பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் மூவரும் இரும்பு பாஸ்பேட் கேத்தோடை அறிவித்தார்கள். இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளிலும் சோலார் சேமிப்பிலும் இருப்பது அந்த எல்.எஃப்.பி. பேட்டரிதான்.

2019 டிசம்பர் 8. ஸ்டாக்ஹோமில் நோபல் உரை. 97 வயது குடினஃபுக்குப் பதிலாக மேடையேறி அந்த உரையை நிகழ்த்தியவர் மந்திரம். தென் தமிழ்நாட்டுக் கிராமத்துக் கெமிஸ்ட்ரிக்காரர்!

காரைக்குடியில் ஒரு கோட்டை

அமெரிக்காவுக்குத்தான் போகணுமா? பஸ் பிடித்தால் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது செக்ரி, அங்கேதான் இருக்கு. நாடு விடுதலையாகி ஒரு வருஷம்கூட முடியாத நேரத்தில் 'எங்க ஊர்ல மின்வேதியியல் வேணும்' என்று ஒருத்தர் கேட்டிருக்கார் பாருங்க. அதுதான் தொலைநோக்கு.

லித்தியம் செல்லை நாமே செய்வதற்கான தொழில்நுட்பத்தை கோபுகுமார் தலைமையிலான செக்ரி குழு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் ஆய்வகங்களோடு சேர்ந்து உருவாக்கியது. சென்னை மையத்தில் மாதிரி செல் தயாரிக்கும் கூடமும் அமைத்தார்கள். 2018 ஜூனில் அதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் போட்டார்கள்.

2021-ல் செல் உற்பத்திக்காக மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா தன் செல் ஆலையை அமைத்தது. திருப்பதியில் சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 2022 செப்டம்பரில் போன்களுக்கான செல் உற்பத்தியை முன்னோட்டமாகத் தொடங்கியது. ஆய்வகத்தில் பத்து செல் செய்வதற்கும் ஆலையில் தினமும் ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வதற்கும் நடுவில் பெரிய பள்ளம் உண்டு. அதைத் தாண்ட மெஷினை இறக்குமதி செய்யலாம். பக்குவம் தெரிந்த ஆளை எங்கிருந்து இறக்குவது?

அடுத்து வர்றது என்ன?

சோடியம் அயனி: லித்தியத்துக்குப் பதில் சோடியம். உப்பளம் இருக்கிற ஊருக்கெல்லாம் நல்ல சேதி. செம்புத் தகடு தேவையில்லை, இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். ஆனால் அதே எடையில் லித்தியம் அளவுக்குச் சக்தி தங்காது. சீனாவின் சி.ஏ.டி.எல். 2021-ல் இதை அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தின் ஃபாரடியான் நிறுவனத்தை ரிலையன்ஸ் வாங்கியது.

சிலிக்கான் ஆனோடு: கிராஃபைட்டைப் போல எடைக்கு எடை சுமார் பத்து மடங்கு லித்தியத்தைத் தாங்கும். சிக்கல், சாப்பிட்டதும் மூன்று மடங்குக்கு மேல் வீங்கும், பூச்சு நொறுங்கிவிடும். அதனால் இப்போதைக்குக் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலக்கிறார்கள்.

திட எலெக்ட்ரோலைட்: தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதில் திடப்பொருள். திடமும் திடமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். அங்கேதான் உலக ஆய்வகங்கள் மல்லுக்கட்டுகின்றன.

மறுசுழற்சி: 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை அதன் கரைக்காரர்களான உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே தப்பு பேட்டரியில் நடக்காமல் பார்க்கிறதும் கெமிஸ்ட்ரிக்காரர் வேலைதான்.

உங்க ஊர்க் கல்வெட்டே சொல்லுது!

மூன்று ஆறு கூடுகிற உங்க ஊர் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கே, படிச்சிருக்கியா தம்பி? ஏறத்தாழ 950 வருஷம் பழசு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை பற்றிப் பேசுகிறது. அதில் வைத்தியர் உண்டு, அறுவை செய்கிறவர் உண்டு. கூடவே மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சித் தருவதற்கென்று இரண்டு பேர், அவர்களுக்கான படி, இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கு. ஆஸ்பத்திரி என்றால் கட்டடமும் டாக்டரும் மட்டும் இல்லை, பொருளைப் பதமாகத் தயாரிக்கிறவனும் சேர்ந்ததுதான் என்று அந்தக் காலத்திலேயே தெரிஞ்சிருக்கு. பேட்டரி ஆலைக்கும் அதே கணக்குதான்.

சரி, இப்போ என்ன பண்ணலாம்?

முப்பதாயிரத்தை இப்போதைக்கு அப்பா கையிலேயே இருக்க விடு. நோட்டீஸ்காரரிடம் இந்த நாலு கேள்வியைக் கேள்:

1. உங்க லேப்ல காயின் செல் செய்யற வசதி இருக்கா? ஈரமில்லாத கிளவ் பாக்ஸ் இருக்கா?

2. செல்லை சோதிக்கிற கருவியில மாணவர்களைக் கை வைக்க விடுவீங்களா, இல்லை ஸ்லைடுல காட்டுவீங்களா?

3. பாடம் நடத்தறவர் என்ன படிச்சவர், எந்த ஆலையில் வேலை பார்த்தவர்?

4. போன வருஷம் படிச்சவங்க இப்ப எங்க, என்ன வேலையில இருக்காங்க? ரெண்டு பேர்கிட்ட பேசலாமா?

வெல்டிங் மெஷினும் மல்ட்டிமீட்டரும் மட்டும் இருந்தால் அது பேக் கோர்ஸ். ரிப்பேர் கடை வைக்கணும் என்று ஆசையிருந்தால் பிரயோஜனப்படும். ஆனால் மூன்று மாதத்தில் யாரும் செல் நிபுணர் ஆக முடியாது. சர்டிஃபிகேட்டில் 'இன்ஜினீயர்' என்று அச்சடித்தாலும்!

உனக்கான பாதை வேற. மூன்றாம் ஆண்டில் மின்வேதியியல், திடநிலை வேதியியல் இரண்டையும் 'சாய்ஸ்ல விடற யூனிட்' ஆக்காதே. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' தேர்வு எழுது. செக்ரியின் குறுகிய காலப் பயிற்சி, புராஜெக்ட் அறிவிப்புகளை அதன் வெப்சைட்டில் மாசம் ஒருதரம் பார். ப்ளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தால், அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு செக்ரி நடத்தும் பி.டெக். கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினீயரிங் பற்றிச் சொல். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேடி எல்லோரும் முண்டியடிக்கிறபோது பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற வரி அது.

பேக் கோக்க ஆள் வேண்டும்தான். ஆனால் ஆர்டர் போனாலும் கையோடு தங்குகிற வித்தை, பொடியும் பூச்சும் அறிந்தவனுடையது. நெசவில் நூல் தெரிஞ்சவனுக்கு எந்தத் தறியும் பொருந்தும் இல்லையா... அது மாதிரி!

அடுத்த வாரம்: சோலார் தகடு வாங்கப் போறீங்களா? மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவோம். கேள்விகளை போஸ்ட் கார்டிலும் எழுதலாம், கையெழுத்து புரிந்தால் போதும். வர்ட்டா!